சனிக்கிழமைப் பூஜ்யம்

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது 'அவன்' என்றுதான் எழுதுவது என்று முடிவு செய்திருந்தேன். ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். கை கூசுகிறது. எங்கள் தெருவில் மூன்று தலைமுறையாக 'ஐயா வூட்டுல' என்று சொல்லிப் பழகிய வாயிலிருந்து வந்தவள் நான். அந்தக் கூச்சத்தை எனக்குள் விட்டுப்போனதற்காகவும் சேர்த்து அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆகவே 'அவர்' என்றே எழுதுகிறேன். இதை வைத்து எனக்கு மரியாதை இருப்பதாக யாரும் எண்ணிவிட வேண்டாம்.

அவர் நிலக்காரர். மயிலாடுதுறையில் பெரிய வீடு. கிழக்கே ஐந்தாறு மைலில் எங்கள் ஊரில் நாலு வேலி நிலம், இருபத்தைந்து ஏக்கருக்கு மேல். அதில் நாலு மா, அதாவது ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல், என் அப்பா குத்தகைக்குச் செய்துவந்தார். அப்பாவின் பெயர் குத்தகைப் பதிவேட்டில் முறையாக ஏறியிருந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் நிலக்காரருடைய வேட்டியின் கரை மாறும். மாறாத ஒன்று வேட்டியின் வெளுப்பு. அப்படி ஒரு வெளுப்பை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை.

"சுத்தமா இருக்கணும்." ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வார். அவர் அகராதியில் சுத்தம் என்றால் அழுக்கு இல்லாமல் இருப்பது மட்டும் இல்லை. மிச்சம் மீதி எதுவும் இல்லாமல் இருப்பது. யாரும் எதுவும் எடுத்துத் தின்ன முடியாமல் துடைத்து வைப்பது. கொல்லையில் நின்ற வேப்பமரத்தைப் பழம் கொட்டுகிறது, காக்கை வருகிறது என்று வெட்டிப் போட்டார். மாடத்தில் கூடு கட்டிய குருவிகளுக்காக ஒட்டடைக் கம்பு ஒன்று தனியாக வைத்திருந்தார். அவர் மனைவி சாப்பிட்டு எழுந்த இடத்தைக் கூட, அந்த அம்மாள் கை கழுவி வருவதற்குள், வேலைக்காரப் பெண்ணை விட்டுத் துடைக்கச் சொல்வார். அந்த அம்மாள் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்த கதிர் பொறுக்குவது எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு வழக்கம். என் அம்மாவும் பொறுக்கியிருக்கிறாள். அவர் குத்தகைக்கு விடாமல் சொந்தமாகச் செய்த வயலில் மட்டும் அது நடக்காது. அறுத்த அன்று மாலையே டிராக்டரை இறக்கி உழுதுவிடுவார். கதிர் அவருக்கும் இல்லை, மண்ணுக்குள் போய்விடும். ஆனாலும் மனசு ஆறிவிடும் அவருக்கு.

கோடையில் ராமநாதபுரம் பக்கமிருந்து ஆடு மேய்ப்பவர்கள் வருவார்கள். வயலில் ஆட்டுக்கிடை போடச் சொல்லி ஊரே அவர்களைக் கையைப் பிடித்து இழுக்கும். நாலு ராத்திரி ஆடு அடைந்து கிடந்தால் அந்த வயலுக்கு அந்த வருஷம் வேறு எருவே வேண்டாம். இவர் மட்டும் வரப்பில் நின்றுகொண்டு விரட்டுவார்.

"என் நெலத்துல ஒரு புழுக்கை விழக் கூடாது. ஓட்டிட்டுப் போ."

அவருடைய நெல் எப்போதும் வெளிறித்தான் நிற்கும். எங்கள் நாலு மாவில் கிடை போட்டதற்காக அப்பாவை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பி, வாசலில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார். பிறகு உள்ளேயிருந்து, "போகச் சொல்லு" என்று சொல்லியனுப்பினார். அவ்வளவுதான் தண்டனை.

இப்படிப்பட்ட மனிதர் சிங்கப்பூரில் இருக்கும் மகனைப் பார்க்கப் போய், அங்கே ஏதோ ஒரு ஓட்டல் வரவேற்பறையில் பவளத்தொட்டி ஒன்றைப் பார்த்துவிட்டார். கடலடிப் பாறையில் வளர்கிற பவள உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் விட்டு வளர்ப்பது. திரும்பி வந்ததும் நெல் மூட்டை அடுக்கியிருந்த கூடத்தைக் காலி செய்து, ஆறடி நீளத்துக்குத் தொட்டி வைத்தார். முக்கால் மணி நேரம் போனால் தரங்கம்பாடியில் கடல். அந்தத் தண்ணீர் அவருக்கு ஆகாது. ஊரே கால் நனைத்த தண்ணீராம். சென்னையிலிருந்து வாளி வாளியாக உப்பு வரவழைத்து, வடிகட்டிய தண்ணீரில் கலந்தார். பவளங்களும் கூட விடச் சில மீன்களும் சிங்கப்பூரிலிருந்து வந்தன. எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்கிறது என்பார். நான் பார்த்ததில்லை.

நான் அப்போது இறால் குட்டைக்காரர்களின் தண்ணீரைச் சோதித்துச் சொல்லும் ஒரு சின்ன லேபில் வேலை பார்த்தேன். விலங்கியல் படித்துவிட்டு வந்த முதல் வேலை. அவர் லேப் முதலாளியிடம் கேட்டதன் பேரில் சனிக்கிழமைதோறும் நான் போய் அந்தத் தொட்டித் தண்ணீரை அளக்க வேண்டும். முதல் நாள் என் பெயரைக் கேட்டார். கிறிஸ்தவப் பெயர்.

"வேதக்காரங்களா? பரவால்ல. உங்க ஆளுங்க வேதத்துல சேந்த பெறவு சுத்தபத்தமா இருக்கறதா சொல்றாங்க."

பாராட்டிவிட்டாராம். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். ஜன்னல் திட்டில் எனக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் வந்து உட்கார்ந்தது. குடித்ததும் நானே கழுவி, அதே திட்டில் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒன்றரை வருஷம் அந்த டம்ளர் அந்தத் திட்டைவிட்டு நகரவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து நான் வீட்டிலிருந்தே பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனேன். அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

சோதனை சுலபம். சின்னக் கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்க வேண்டும். நைட்ரேட் இருந்தால் ரோஸ் நிறம் வரும். பாஸ்பேட் இருந்தால் நீலம். எவ்வளவு நிறமோ அவ்வளவு சத்து. வயலில் தழைச்சத்து, மணிச்சத்து என்கிறோமே, அதேதான். மீன் தின்று கழித்ததிலிருந்து தண்ணீரில் சேருவது. அதிகமானால் பாசி பிடித்துப் பவளத்தை மூடிவிடும். கொஞ்சமும் இல்லாவிட்டால் பவளம் பட்டினி. இறால் குட்டையில் நான் பார்த்ததெல்லாம் அதிகமாகிப் போன கதைகள்தான். இல்லாமல் போவதை இவர் வீட்டில்தான் பார்த்தேன்.

அவருக்கு நிறமே வரக் கூடாது. குப்பியை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார்.

"லேசா செவக்குதே?"

"அஞ்சுக்குக் கீழதான் ஐயா இருக்கு. இவ்ளோ இருந்தாத்தான் அதுக்கு நல்லது."

"பூஜ்யம் வரணும். அழுக்குல நல்ல அழுக்கு, கெட்ட அழுக்குன்னு ரெண்டு இருக்கா?"

பாஸ்பேட்டை உறிஞ்சும் பொடியைப் பையில் கட்டித் தொட்டியில் போட்டார். அழுக்கை நுரையாக்கித் தள்ளும் கருவி ஒன்றுக்கு இரண்டாக வந்தது. மீனுக்கு மூன்று நாளுக்கு ஒரு தடவைதான் தீனி. வாரம் பாதித் தண்ணீரை மாற்றினார். மூன்றாவது மாதம் குப்பியில் நிறம் வரவில்லை. நீளநோட்டில் 'நைட்ரேட் 0, பாஸ்பேட் 0' என்று என் கையால் எழுத வைத்துக் கையெழுத்தும் வாங்கினார். வந்தவர் போனவருக்கெல்லாம் அந்த நோட்டைக் காட்டினார்.

பவளங்கள் வெளுக்க ஆரம்பித்தன. பச்சைப் புல் விரித்த மாதிரி இருந்த ஒன்று சாம்பல் பூத்தது. நீளநீள விரல்களோடு நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒன்று உள்ளுக்குள் சுருங்கி, வெள்ளை எலும்பு தெரிந்தது. மணலில் பழுப்பாக ஒரு சளி படர்ந்து குமிழி விட்டது. போட்டிக்கு வேறு எதுவும் இல்லாத வெறும் தண்ணீரில்தான் அந்தச் சளி வரும். அவர் அதையும் அழுக்கு என்றே சொல்லி இன்னும் துடைத்தார்.

"பசியில இருக்கு ஐயா. மீனுக்குத் தெனம் தீனி போட்டா..."

"அளக்கத்தானே உன்ன வரச் சொன்னேன்?"

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர்ச் சாலையோரம் மனைக்கல் நட ஆரம்பித்தார்கள். அவர் நாலு வேலியையும் மனை போட விற்கப்போவதாகப் பேச்சு. வாங்குகிறவர்கள் குத்தகைதாரர் இல்லாத நிலமாகக் கேட்டார்கள். மற்ற குத்தகைதாரர்கள் ஒவ்வொருவராக விட்டுக்கொடுப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அப்பா ஒருவர்தான் பாக்கி. நாலு மா போனால் எங்களுக்கு விதைக்க ஒரு குழி மண் கிடையாது. அப்பாவுக்கு வேறு தொழிலும் தெரியாது.

நான் யார் மகள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை குப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்கப்பன்கிட்ட சொல்லி வை. நெலத்தச் சுத்தமாக் குடுக்கணும் நான். ஒட்டிக்கிட்டு இருக்கறது ஒண்ணும் இருக்கக் கூடாது."

தொட்டியில் மீன்கள் கண்ணாடியோரமாக வந்து என் விரலைப் பார்த்து வாயைத் திறந்து மூடின.

அடுத்த வாரம் நான் லேபிலிருந்து பொட்டாசியம் நைட்ரேட்டைக் கரைத்து ஒரு மருந்துப் பாட்டிலில் எடுத்துப்போனேன். பாவம் பார்த்துச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அதுவல்ல. அவர் சொல்வது தப்பு, நான் சொல்வது சரி என்று என் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. அவர் ஃபோன் பேச வாசலுக்குப் போனபோது இரண்டு மூடி ஊற்றினேன். சோதனைக் குப்பியில் தொட்டித் தண்ணீருக்குப் பதில், பக்கத்தில் கேனில் இருந்த வடிகட்டிய தண்ணீரை நிரப்பினேன். நிறம் வரவில்லை. 'பூஜ்யம் ஐயா' என்றேன். தலையாட்டினார்.

இரண்டு வாரத்தில் பவளங்களின் நுனிகள் கருகின. எனக்கு உயிரே போய்விட்டது. என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தால், எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிற அதே தப்பு. பயிர் வெளுத்தால் டெல்டாக்காரனுக்குக் கை நேராக யூரியா மூட்டைக்குத்தான் போகும். தழைச்சத்தை அள்ளி விட்டேன், மணிச்சத்தை நினைக்கவே இல்லை. அவர் போட்ட பொடியோ இருந்த கொஞ்சநஞ்சப் பாஸ்பேட்டையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒன்று மட்டும் ஏறி மற்றொன்று இல்லாவிட்டால் பட்டினியைவிட மோசம். அந்தப் பொடிப் பையை மெதுவாகக் காலி செய்தேன். இன்னொரு பாட்டிலில் பாஸ்பேட்டையும் கரைத்துக்கொண்டேன். நைட்ரேட் ஒன்றரை மூடி, பாஸ்பேட் பத்துச் சொட்டு. வீட்டுக்குக் கொண்டுபோன தண்ணீரில் அளந்து அளந்து பார்த்து அந்தக் கணக்குக்கு வர எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. மீனுக்கும் என் கைப்பையிலிருந்து இறால் தூள் விழுந்தது.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல. சளி மறைந்தது. பச்சை திரும்பியது. சுருங்கிக் கிடந்தது மடல் மடலாக விரிந்து, நுனியில் கத்தரிப்பூ நிறம் ஏறியது. சனிக்கிழமை எப்போது வரும் என்று நான் காத்திருந்தேன். அந்த வீட்டை எவ்வளவு வெறுத்தேனோ அவ்வளவு அந்தத் தொட்டியை நேசித்தேன். ஒரு நாள் அந்த அம்மாள் அடுக்களை வாசலில் நின்று, நான் பாட்டிலைச் சாய்ப்பதைப் பார்த்துவிட்டார். அப்படியே உள்ளே போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"பாத்தியா? பூஜ்யத்தோட பலன். நீ தீனி போடு, தீனி போடுன்னே. சுத்தம் காட்டிக் குடுத்துருச்சு பாத்தியா?"

அந்த நோட்டை நான் இன்னும் பூஜ்யங்களால் நிரப்பிக்கொண்டிருந்தேன். அவர் நினைப்பு சரி என்று நிரூபித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததே நான்தான். அன்று எனக்கு வந்த ஆத்திரம் அவர் மேலா என் மேலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்பாவை ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார், பத்திரத்தில் கையெழுத்து வாங்க. நான் இருக்கும்போதே வரவழைக்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. அன்றுதான் அப்பா முதல்முறையாக அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். மேஜையில் பத்திரம். பேனா மூடி திறந்தே இருந்தது.

"போடுப்பா. எல்லாரும் போட்டாச்சு."

அப்பா பத்திரத்தைப் பார்க்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. வயலில் நாற்றைப் பார்க்கிற அதே பார்வை.

"நல்லா எரு வெச்சிருக்கீங்கய்யா," என்றார். "பசையில்லாம இந்தப் பச்ச வராது. தழையும் மணியும் சமமா வெச்ச கை இது."

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து வந்து குப்பியைத் தானே தொட்டிக்குள் முக்கி எடுத்தார். மருந்துச் சொட்டுகளையும் அவரே விட்டார். நல்ல ரோஸ் நிறம் வந்தது.

"என் தண்ணியில கை வெச்சுட்டே."

அப்பாவுக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று மட்டும் புரிந்தது.

"நீ மொதல்ல கையெழுத்துப் போடு," என்று அப்பா பக்கம் திரும்பினார்.

"கண்ணாடி கொண்டாரலீங்களே ஐயா. எழுத்துத் தெரியாது."

"அவ்ளோ தூரத்துல இருக்கறதப் பாக்க மட்டும் கண்ணு தெரியுதா?"

"பச்சதானுங்களே. அது கண்ணு இல்லாட்டியும் தெரியும்."

அப்பா கும்பிட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார். என்னை அவர் விடவில்லை. டிரைவரைக் கூப்பிட்டுத் தொட்டித் தண்ணீரை முழுக்க இறைக்கச் சொன்னார். என்னிடம், "கல்லையெல்லாம் எடுத்து முத்தத்துல வை," என்றார்.

வைத்தேன். ஒவ்வொரு பாறையாக, பவளம் ஒட்டியிருந்தபடியே, என் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டுபோய் வைத்தேன். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. லேப் வேலை போய்விடும் என்று பயந்தேன். போர்வெல் குழாயை அவரே பிடித்து அடித்தார். நல்ல தண்ணீர் பட்டால் கடல் உயிர் நிமிஷத்தில் செத்துவிடும். அது அவருக்குத் தெரியும். நானே முதல் வாரத்தில் சொல்லியிருந்தேன். விரிந்திருந்ததெல்லாம் கூழாகி, மீன்களோடு முற்றத்துச் சாக்கடையில் போனது. வெள்ளைக் கற்கள் மிஞ்சின.

"இப்பத்தான் சுத்தம்," என்றார். சத்தியமாக, அவர் முகத்தில் வருத்தம் இல்லை.

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. அவர் வருவாய்க் கோர்ட்டில் அப்பா மேல் வழக்குப் போட்டார். நிலத்தைச் சரியாகச் சாகுபடி செய்யவில்லை, குத்தகைப் பதிவை நீக்க வேண்டும் என்று. மூன்று வருஷம் வாய்தா, வாய்தா என்று அலைந்தோம். இடையில் இரண்டு தடவை அவர் ஆட்கள் மடையை அடைத்துப் பயிரைக் காயப் போட்டார்கள். அப்பா கோர்ட்டுக்குப் போகும் நாளில் எல்லாம் அந்த வருஷத்துக் கதிரில் ஒரு கொத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போவார். யாரும் அதைக் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு பகலில் தீர்ப்பு வந்தது. அப்பாவின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க முடியாது. அவ்வளவுதான் எங்களுக்குப் புரிந்தது, அவ்வளவு போதும். அப்பா தீர்ப்பின் நகல் கேட்டு மனு எழுத உள்ளே போனார். நான் வெளியே புங்கமரத்தடியில் நின்றேன். அவர் கார் பக்கம் போனவர், திரும்பி என்னிடம் வந்தார். வேட்டி அதே வெளுப்பு. கழுத்து மட்டும் மெலிந்திருந்தது.

"தொட்டி மறுபடி வெச்சிருக்கேன்," என்றார். "மகன் அனுப்பினான். அதேதான், வெளுக்குது. ரெண்டு போயிருச்சு." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கு எவ்வளவு போட்டீங்க?"

போட்டீங்க. என் வாழ்நாளில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் 'ங்க'. அதைக் கேட்டு நெஞ்சு இளகியது என்று எழுதினால் பொய். கொதித்தது. ஜன்னல் திட்டு டம்ளர், முற்றத்தில் என் கையால் வைத்த கற்கள், வாசலில் நின்ற அப்பா, எல்லாம் ஒன்றாக வந்தன.

"பூஜ்யந்தான் ஐயா," என்றேன். "நோட்டுல எழுதியிருக்கே, என் கையெழுத்தோட."

அவர் திரும்பிக் காரில் ஏறிப் போனார். எனக்கு அன்று இருந்த சந்தோஷம் தீர்ப்பினாலா இந்தப் பதிலினாலா என்று கேட்டால் பதிலினால்தான் என்பேன்.

பஸ்ஸில் அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரிப்பார் என்று நினைத்தேன். அப்பா மடியில் இருந்த மஞ்சள் பையை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"சொல்லியிருக்கலாமேம்மா."

"அவருக்கா? அவர் நமக்குச் செஞ்சதுக்கா?"

"அவரு சாப்புட்டுட்டுத்தாம்மா படுப்பாரு. பட்டினி கெடக்கறது அவரு இல்லியே."

எங்கள் நிறுத்தம் வரும்வரை நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றரை மூடி, பத்துச் சொட்டு. அந்தக் கணக்கு அன்று பஸ் முழுக்க என் வாய்க்குள்ளேயே இருந்தது. அவர் வீட்டு ஃபோன் நம்பரும் எனக்கு மனப்பாடமாகத் தெரியும். நான் கூப்பிடவில்லை.